சிப்பி ஊதிய அபாயச் சங்கு

ஆலைக் கழிவு எங்கே போய் விழுகிறது? கூலியும் போனஸும் கேட்கும் தொழிலாளி இதையும் கேட்க வேண்டும் என்கிறோம் நாம். ஏன் என்பதை ஜப்பான் நாட்டு மினமாட்டா சொல்லும்.

அங்கே சிஸ்ஸோ கம்பெனியின் ரசாயன ஆலை 1932 முதல் 1968 வரை பாதரசம் கலந்த கழிவைக் கடலில் கொட்டியது. சிப்பி ஓடித் தப்ப முடியாத ஜீவன். இருந்த இடத்திலேயே கடல்நீரை உறிஞ்சி, இரையை வடிகட்டித் தின்னும். நீரிலுள்ள விஷம் அதன் சதையில் தங்கும். 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் விரிகுடாவில் சிப்பிகள் செத்தன, மீன்கள் மிதந்தன, பூனைகள் வலிப்புக் கண்டு மாண்டன. சிப்பி அபாயச் சங்கு ஊதியது. கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

1956 மே முதல் நாள், மனிதருக்கும் அந்நோய் கண்ட செய்தி அதிகாரபூர்வமாகப் பதிவாயிற்று. மீனும் சிப்பியுமே அன்றாட உணவான மீனவக் குடும்பங்கள் பலியாயின. தாய் வயிற்றுச் சிசுவும் தப்பவில்லை.

விஞ்ஞானிகள் விரிகுடாச் சிப்பியைப் பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். அதே நோய் வந்தது. 1959ல் கம்பெனியின் சொந்த ஆஸ்பத்திரி டாக்டரே ஆலைக் கழிவைப் பூனைக்கு ஊட்டி உண்மையைக் கண்டார். கம்பெனி அதை மூடி மறைத்தது! அவ்வாண்டு டிசம்பரில் நோயாளிகளுக்கு அற்பத் தொகையை வீசி, பின்னால் ஆலையே காரணம் என்று தெரிந்தாலும் மேற்கொண்டு கேட்பதில்லை என்று எழுதி வாங்கிற்று. சர்க்கார் உண்மையை ஒப்புக்கொண்டது 1968 செப்டம்பரில்தான்!

ஆலைத் தொழிலாளர் என்ன செய்தனர்? 1959ல் கழிவை நிறுத்து என்று மீனவர் கிளர்ந்தபோது, வேலை போய்விடுமே என்று அஞ்சி எதிர்ப்பக்கம் நின்றனர். முதலாளி விரும்பியதும் அதுதான். 1962ல் அதே முதலாளி, வேலைநிறுத்தம் கூடாது என்ற நிபந்தனையோடு கூலி ஒப்பந்தத்தை நீட்டினான். நீண்ட போராட்டம் நடந்தது, சங்கம் பிளக்கப்பட்டது. அடிபட்ட பிறகே கண் திறந்தது. மினமாட்டா நோயை எதிர்த்துப் போராடாமல் இருந்தது வெட்கம் என்று, போராடி நின்ற முதல் சங்கம் 1968 ஆகஸ்டில் தீர்மானம் போட்டது. 1973ல் நோயாளிகள் வழக்கில் வென்றனர். பழைய ஒப்பந்தம் செல்லாது என்றது கோர்ட்.

வேலையா, மீனவன் உயிரா என்று முதலாளி கேட்பதே மோசடி. கழிவைச் சுத்தம் செய்யும் செலவு லாபத்திலிருந்து வரட்டும்! ஆலையில் எது உள்ளே போகிறது, எது வெளியேறுகிறது என்பதை முதலில் அறிபவன் தொழிலாளி. அந்த நீர் பாயும் வாய்க்காலில் இறங்குபவன் விவசாயத் தொழிலாளி. இருவரும் மீனவரோடு சேர்ந்து நிற்க வேண்டும். கழிவுநீர்ப் பரிசோதனையும் அதன் முடிவைப் பகிரங்கமாக வெளியிடுவதும் ஒவ்வொரு சங்கத்தின் கோரிக்கையிலும் ஏறட்டும்!