அடிச்சாத்தான் கேப்பான்னு சொன்னவங்களுக்கு...

"நம்ம ஜனங்களை அடிச்சாத்தான் சார் வழிக்கு வருவாங்க." 2020 ஊரடங்குல பிரம்மதேசத்து டீக்கடையெல்லாம் மூடியிருந்ததால, இந்தத் தத்துவம் அப்படியே வாட்ஸப்புக்குக் குடியேறிடுச்சு. ரோட்டுல வந்தவனைப் போலீஸ் தோப்புக்கரணம் போட வைக்கிற வீடியோ, கூடவே கைதட்டுற பொம்மை நாலு. அடுத்த தொற்று வரும்போதும் இதே கைதட்டல் கேக்குமோங்கிற கடுப்புலதான் இதை எழுதறேன்.

முதல்லயே சொல்லிடறேன். கொரோனாவே புருடான்னு சொல்ற கோஷ்டி நான் இல்லை. மூச்சுக்காத்துல பரவுற நோய்க்குக் கூட்டத்தைக் குறைச்சுத்தான் ஆகணும், கொஞ்ச நாள் நம்ம சௌகரியத்தை விட்டுக்கொடுத்துத்தான் ஆகணும். என் சண்டை அதைச் செஞ்ச லட்சணத்தோட.

கோயம்பேட்டையே எடுத்துக்குங்க. 2020 ஏப்ரல் 24 அன்னிக்கு அறிவிப்பு வருது: 26ல இருந்து சென்னையில் நாலு நாள் முழு ஊரடங்கு. நடுவுல இருந்தது ஒரே ஒரு நாள். சும்மா இருப்பாங்களா? 25ஆம் தேதி காய்கறி வாங்க ஊரே முண்டியடிச்சது. கூட்டம் கூடாதுன்னு போட்ட உத்தரவே கூட்டத்தைக் கூட்டிச்சு! தொற்றுக்கு அந்த ஒரு நாள்தான் காரணம்னு நான் சொல்லலை. ஆனா மே 5ல சந்தையை மூடறதுக்குள்ள அங்க மூட்டை தூக்கினவங்க நிறைய பேர் விழுப்புரம், கடலூர், அரியலூர்னு சொந்த ஊருக்கு வந்துட்டாங்க. நம்ம மாவட்டத்துல எண்ணிக்கை எகிறிச்சு. பழி யாருக்கு? உத்தரவு போட்டவங்களுக்கா? மூட்டை தூக்கினவனுக்குத்தான்.

திண்டிவனம், மரக்காணம் பக்கம் தர்பூசணி போட்டவங்க கதை இன்னும் மோசம். மார்ச், ஏப்ரல்தான் சீசனே. வாங்க ஆளில்லாம வயல்லயே அழுகிச்சு. அதே சமயம் மே 7ல டாஸ்மாக் திறந்தாச்சு. மறுநாள் உயர் நீதிமன்றம் மூடச் சொல்ல, அரசு உச்ச நீதிமன்றம் வரைக்கும் ஓடித் தடை வாங்கி, 16ஆம் தேதி மறுபடி திறந்தது. அந்த வேகத்துல பாதியாவது பழத்தை விக்கறதுல காட்டியிருக்கலாம்.

கும்பகோணம் பக்கத்துலேர்ந்து 65 வயசுக் கூலித் தொழிலாளி ஒருத்தர், புற்றுநோய் வந்த மனைவியைச் சைக்கிள்ல உக்கார வச்சு நூறு கிலோமீட்டருக்கு மேல மிதிச்சு ஜிப்மருக்குக் கொண்டு வந்தாரே, ஞாபகம் இருக்கா? 'மன உறுதி'ன்னு பாராட்டினோம். பஸ்ஸை நிறுத்தினவங்க நோயாளிக்கு வேற வழி யோசிச்சாங்களான்னு கேக்கலை.

கைதட்டின கூட்டம் 2020 ஜூன்ல கொஞ்சம் அமைதியாச்சு. ஊரடங்கு நேரம் தாண்டிக் கடையைத் திறந்து வச்சதாச் சொல்லித்தான் சாத்தான்குளத்துல ஜெயராஜையும் பென்னிக்ஸையும் ஸ்டேஷனுக்குக் கொண்டு போனாங்க. அடுத்தடுத்து ரெண்டு பேரும் செத்துப் போனாங்க. தோப்புக்கரணத்துக்குச் சிரிச்சப்பவே லத்திக்கு லைசென்ஸ் குடுத்துட்டோம்யா.

இதுக்கெல்லாம் கையில இருந்த சட்டம் எது தெரியுமா? 1897ல வெள்ளைக்காரன் பம்பாய் பிளேக்குக்காகப் போட்ட கொள்ளைநோய்ச் சட்டம். அந்த வருஷமே பூனாவில் சிப்பாய்கள் வீடு புகுந்து சோதனை போட்ட கோபத்துல பிளேக் அதிகாரி ராண்டைச் சுட்டாங்க. அந்தச் சட்டப்படி, நல்லெண்ணத்துல செஞ்சேன்னு சொல்ற அதிகாரி மேல வழக்கு போட முடியாது. நம்ம மேல மட்டும் 188. அப்படிப் போட்ட வழக்குல சுமார் பத்து லட்சத்தை 2021 பிப்ரவரியில், தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னாடி, வாபஸ்னு அறிவிச்சாங்க. அவ்வளவு பேரும் ஊருக்கே ஆபத்துன்னா ஏன் விட்டீங்க? ஆபத்து இல்லைன்னா ஏன் போட்டீங்க? பறிமுதல் பண்ணின வண்டிக்காகப் பொழைப்பை விட்டுட்டு அலைஞ்ச நாளுக்கு யார் கூலி குடுப்பா?

2024ல சட்ட ஆணையம் இந்த 1897 சட்டம் போதாதுன்னு அறிக்கையே குடுத்துச்சு. அதே வருஷம் ஜூலையில் 188 போய் 223 வந்துச்சு. ஆறு மாசமா இருந்த அதிகபட்சத் தண்டனை ஒரு வருஷம் ஆயிடுச்சு. சூப்பர்ல!

அடுத்த தடவை ஓட்டு கேட்டு எங்க தெருவுக்கு வர்றவங்ககிட்ட நாலு கேள்வி வச்சிருக்கேன். தடை எத்தனை நாளைக்குன்னு தேதி போட்டுச் சொல்வீங்களா? எதுக்குன்னு காரணம் எழுத்துல குடுப்பீங்களா? கூலி போனவனுக்கு அந்த வாரமே காசு வருமா? அத்து மீறினது அதிகாரியா இருந்தா எந்தப் பிரிவுல வழக்கு?