கற்று முடிக்காத கிளி



கோடை விடுமுறை வந்தால் பறவைக் கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. பிள்ளைக்கு ஒரு ஜோடி பின்ச் வாங்கலாமா, இல்லை பஞ்சவர்ணக்கிளியே வாங்கிவிடலாமா என்று யோசிக்கும் பெற்றோர் பலர். வித்தியாசம் விலையிலும் கூண்டின் அளவிலும் மட்டும்தான் என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாதே என்பது என் கவலை.

ஜீப்ரா பின்ச், ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளைச் சேர்ந்தது. எடை 12 கிராம்தான். ஆண் மட்டுமே பாடும். அந்தப் பாட்டைத் தகப்பனிடம் கேட்டு மனத்தில் வாங்கிக்கொண்டு, மழலை போலக் குழறிக் குழறிப் பழகும். பிறந்து மூன்று மாதத்துக்குள் பாட்டு படிந்துவிடும். பிறகு ஆயுசுக்கும் அதே பாட்டுதான். ஜெர்மானிய ஆய்வாளர் கிளாஸ் இம்மெல்மான் 1960களில் இந்தக் குஞ்சுகளைப் பெங்காலிஸ் பின்ச் ஜோடிகளிடம் வளர விட்டார். சொந்த இனத்தின் குரல் காதில் விழுந்துகொண்டிருந்தபோதும், அவை இரை ஊட்டி வளர்த்த தகப்பனின் பாட்டையே பாடின. எத்தனை முறை படித்தாலும் என்னை நெகிழவைக்கும் செய்தி இது.

தென் அமெரிக்கக் காடுகளின் நீல மஞ்சள் பஞ்சவர்ணக்கிளி ஒரு கிலோ எடை இருக்கும். பின்ச்சும் கிளியும் மரபணு வழியில் நெருங்கிய உறவு என்றால் நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் உண்மை. இரண்டும் கேட்டுக் கற்பவை. கிளிக்கு மட்டும் அந்தப் படிப்பு முடிவதே இல்லை. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, சுமார் 20 கிராம் எடையுள்ள அதன் மூளையில் முன்மூளைப் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 190 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. அதைவிட நான்கு மடங்கு பெரிய மூளையுள்ள ரீசஸ் குரங்கின் பெருமூளைப் புறணியில்கூட 170 கோடிதான்.

இவ்வளவு பெரிய அறிவுக்குத் துணை வேண்டும், வேலை வேண்டும், பறக்க வெளி வேண்டும். தனிக்கூண்டில் அடைபட்ட கிளி தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்வதை வளர்ப்பவர்கள் அறிவார்கள். ஐம்பது ஆண்டுகள்கூட வாழக்கூடிய பறவை அது. பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தால், பிள்ளைக்கு அறுபது ஆகும்போதும் அது கூண்டில் இருக்கலாம். பின்ச் அப்படியல்ல. தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்த இனம். ஜோடியாக, அகலமான கூண்டில், தினையும் தண்ணீரும் கொடுத்து நன்றாகவே பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே என் வேண்டுகோள்: பஞ்சவர்ணக்கிளி வாங்காதீர்கள். நம்மூர்ப் பச்சைக்கிளியை வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்; அதையும் தொடாதீர்கள். ஏற்கெனவே பஞ்சவர்ணக்கிளி இருக்கும் வீடுகளில் தினமும் அதனோடு பேசுங்கள், கொறிக்க மரத்துண்டு கொடுங்கள், கதவைச் சாத்திவிட்டு அறைக்குள் பறக்க விடுங்கள். உங்களுக்குப் பிறகு அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் இப்போதே குடும்பத்தில் பேசி வையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்