வீட்டுத் திருடனுக்கு விலக்கு உண்டா?

தோணிரேவிலோ, பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியுள்ள வேறு எந்தக் குப்பத்திலோ, ஒருவன் அயலான் வலையிலிருந்து ஒரு கூடை இறாலை இரவில் எடுத்துக்கொண்டு போய் அகப்பட்டுக்கொண்டால் என்ன நடக்கும் என்பது யாவருக்கும் தெரியும். ஊர் கூடும், பஞ்சாயத்து உட்காரும், அபராதம் விழும், திருடன் என்கின்ற பட்டமும் அவன் ஆயுள் பரியந்தம் அவனை விட்டுப் போகாது. ஆனால் அதே ஊரில் ஒருவன் தன் தாயின் பாஸ் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் பணத்தை வாங்கித் தின்றுவிட்டாலும், கூடப்பிறந்தவளின் நகையை “இரண்டு நாளில் திருப்பித் தருகின்றேன்” என்று வாங்கி அடகில் மூழ்கடித்துவிட்டாலும், எழுத்தறியாத தகப்பனை ரிஜிஸ்டர் ஆபீசுக்கு அழைத்துப்போய் ஒன்றைச் சொல்லி மற்றொன்றில் கைநாட்டு வைக்கச் செய்துவிட்டாலும், அதற்கு மாத்திரம் திருட்டு என்கின்ற பெயர் கிடையாது. அதற்குப் பெயர் “குடும்ப விஷயம்” என்பதாகும்.

ஒரு கூடை இறால் திருடியவன் திருடன், ஒரு ஜீவனின் ஆயுள் சம்பாத்தியத்தைத் திருடியவன் “நம்ம பிள்ளை.” இது எந்த ஊர் நியாயம் என்று கேட்கின்றோம்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்ளுவோம். ஒரு தாய் தலையில் மீன் கூடை சுமந்து தெருத் தெருவாய் விற்று ஜீவிக்கின்றவள். மீனவப் பெண்கள் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் அவள் தன் பங்காக 1,500 ரூபாய் கட்டுகின்றாள். சர்க்கார் அதோடு 3,000 ரூபாய் சேர்த்து, மீன் கிடைக்காத காலத்தில் அவள் கணக்கில் 4,500 ரூபாயாகப் போடுகின்றது. அவளுக்குப் படிப்பு கிடையாது. பாங்கி அட்டையும் அதன் இரகசிய எண்ணும் மகனிடத்தில், செல்போனும் மகனிடத்தில். பணம் வந்ததா என்று கேட்டால் “இன்னும் வரவில்லை” என்கின்றான். அவன் சொல்லும்படியே மகளிர் குழுவில் தன் பேரில் கடனும் வாங்கிக் கொடுக்கின்றாள். பணம் சூதாட்டத்திலோ சாராயக் கடையிலோ போய்விடுகின்றது. தவணை நாளில் குழுப் பெண்கள் வந்து அவள் வாசலில் நிற்கின்றார்கள். அப்பொழுதாவது “என் மகன் என்னை மோசம் செய்துவிட்டான்” என்று சொல்லுகின்றாளா? இல்லை. “எனக்கு உடம்பு சரியில்லை, அதனால் தவணை நின்றுவிட்டது” என்று தன்மேல் பொய் சொல்லிக்கொள்ளுகின்றாள். திருடினவன் தலை நிமிர்ந்து திரிகின்றான். திருட்டுக் கொடுத்தவள் தலை குனிந்து ஒளிகின்றாள். அவள் கட்டாத தவணையை, பனையோலைப் பெட்டி முடைந்தும் கருவாடு விற்றும் பிழைக்கின்ற மற்றப் பெண்கள் தங்கள் வயிற்றைக் கட்டிக் கட்டுகின்றார்கள். ஒரு வீட்டு மானத்துக்காகப் பத்து வீட்டு அடுப்பு அணைகின்றது. இதுதான் குடும்ப கௌரவம் என்பதன் விலை!

இந்தப் புத்தி நம் மக்களுக்கு எங்கிருந்து வந்தது? தானாக வந்ததல்ல. நமக்குப் புராணமாகவும் கூத்தாகவும் பரம்பரையாய்ப் புகட்டப்பட்ட புத்தியாகும். பாரதத்தில் தருமன் என்று ஒருவன். அவன் சூதாடினான், நாட்டைத் தோற்றான், தம்பிமார்களைத் தோற்றான், தன்னையே தோற்றான், பிறகு பெண்டாட்டியையும் பந்தயம் வைத்துத் தோற்றான். தன்னுடையதல்லாத ஒன்றைத் தன்னுடையதென்று வைத்து ஆடுவதற்கு நம் பாஷையில் மோசடி என்று பெயர். ஆனால் அவனுக்குப் பெயர் தருமனாம்! “தன்னை முதலில் தோற்றவனுக்கு என்னை வைத்து ஆட உரிமை ஏது?” என்கின்ற ஒரே ஒரு யோக்கியமான கேள்வியைக் கேட்டவள் அந்தப் பெண்ணேயாவாள். பீஷ்மன், துரோணன் முதலிய பெரியவர்கள் நிறைந்த சபை அதற்குப் பதில் சொல்ல வக்கற்று உட்கார்ந்திருந்தது. இன்னொருவன் அரிச்சந்திரன். தான் கொடுத்த வாக்குக்காகப் பெண்டாட்டியையும் பிள்ளையையும் விற்றான். அவனைச் சத்தியவான் என்று ஊருக்கு ஊர் கூத்துப் போட்டு அழுகின்றார்கள். விற்கப்பட்டவளின் சம்மதத்தைப் பற்றி அழுதவர் யார்? இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளை தாயின் நகையை எடுப்பதில் ஆச்சரியமென்ன? கேட்டு வளர்ந்த பஞ்சாயத்தார் வாய் மூடி இருப்பதில்தான் ஆச்சரியமென்ன?

சாஸ்திரம் இதோடு நிற்கவில்லை. தகப்பன் பட்ட கடனை மகன் தீர்ப்பது தெய்வீகக் கடமை என்று இந்து தர்மசாஸ்திரம் விதித்தது. கோர்ட்டுகளும் வெகுகாலம் அதை ஒப்புக்கொண்டு வந்தன. 2005-ம் வருஷத்திய இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம்தான், இனி ஏற்படும் கடனுக்கு அந்தத் தெய்வீகக் கடமையைக் காட்டி மகன்மீதும் பேரன்மீதும் பாய முடியாது என்று ஆக்கியது. இறந்தவன் விட்டுப்போன சொத்திலிருந்து அவன் கடனை வசூலிப்பது வேறு. அவன் வாரிசு கூலி வேலை செய்து சம்பாதித்ததைப் பிடுங்குவது வேறு. சர்க்கார் சட்டமே கைவிட்ட கடமையைத் தோணிரேவுத் தாயும் தங்கையும் ஏன் சுமக்க வேண்டும்? அண்ணன் சீட்டுப் பிடித்து ஏமாற்றினான் என்றால் தங்கை தன் தோட்டைக் கழற்றிக் கொடுக்க வேண்டுமாம். சொத்து பங்கிடும்போது “நீ வேற்று வீட்டுக்குப் போகிறவள்”, கடன் பங்கிடும்போது “நீ நம் வீட்டு இரத்தம்!” என்ன பித்தலாட்டம் இது!

நிற்க, பெண்கள் இவ்வளவு எளிதில் ஏமாற்றப்படுவதற்குக் காரணம் அவர்கள் புத்தி குறைவல்ல. கையில் சொத்தும் கணக்கும் இல்லாமல் வைக்கப்பட்டதே காரணம். 1929-ம் வருஷம் பிப்ரவரி மாதம் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கு ஆண்களைப் போலவே சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. இந்தப் பொன்னேரி தாலுகா அன்று அந்தச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்ததுதான். அந்தத் தீர்மானம் தமிழ்நாட்டில் சட்டமாக 1989-ம் வருஷம் வரை, அதாவது 60 வருஷம், காத்திருந்தது. இந்தியா முழுவதற்கும் 2005-ல் வந்தது. தகப்பன் 2005-க்கு முன்பே செத்திருந்தாலும் மகளுக்குப் பிறப்பினாலேயே பங்கு உண்டு என்று 2020-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொல்லிற்று. கிறிஸ்தவர்களிலும், திருவாங்கூர்ச் சட்டத்தின்படி மகளுக்கு மகன் பங்கில் கால்பாகம் அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் என்றிருந்த அநியாயத்தை, மேரி ராய் என்கின்ற ஒரு பெண்மணி சுப்ரீம் கோர்ட்டு வரையில் போய் 1986-ல் ஒழித்தார். சொந்தச் சகோதரனோடு மல்லுக்கட்டித்தான் அவர் அதைச் செய்ய வேண்டியிருந்தது. அவர் “குடும்ப மானம்” பார்த்திருந்தால் ஆயிரக்கணக்கான பெண்கள் இன்னமும் கால்பங்குக்காரிகளாகவே இருந்திருப்பார்கள்.

ஆனால் சட்டம் வந்தென்ன? “ஒரு கையெழுத்துத்தானே அக்கா” என்று தம்பி விடுதலைப் பத்திரத்தை நீட்டுகின்றான். அக்காள் படிக்காமலே போடுகின்றாள். படிக்கக் கேட்டால் “தம்பியை நம்பவில்லையா?” என்கின்றான்.

தோழர்களே! இந்த “நம்பவில்லையா” என்கின்ற சொல்லைத்தான் நாம் முக்கியமாக எடுத்துக்கொள்ள வேண்டும். பழவேற்காட்டு ஏரியில் சில கிராமத்தாரிடம் “பாடு” என்று ஒரு ஏற்பாடு இருந்து வருவதை நீங்கள் அறிவீர்கள். எந்த இடத்தில் யார் முறை என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு, எல்லோர் முன்னிலையிலும் தீர்மானிக்கின்றார்கள். சீட்டில் பெயர் இருப்பவர்கள் யார்? அண்ணன், தம்பி, மாமன், மச்சான்தான். அங்கே எவனாவது “என்ன அண்ணா, என்னை நம்பாமல் சீட்டுப் போடுகின்றாயா?” என்று கோபித்துக்கொள்ளுகின்றானா? இல்லை. பகிரங்கமாய்ச் சீட்டுப் போடுவதனால்தான் உறவு கெடாமல் இருக்கின்றது என்று அவர்களுக்குத் தெரியும். அந்த முறையிலும் பிறவியும் ஆண்மையுமே தகுதியாய், பெண்களுக்கும் மற்ற வகுப்பாருக்கும் இடமில்லாமல் இருப்பதை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. அது வேறு சண்டை. ஆனால் தண்ணீரில் உள்ள மீனுக்கு இவ்வளவு பகிரங்கக் கணக்கு வேண்டுமென்றால், வீட்டுப் பெட்டியிலுள்ள பணத்துக்குக் கணக்குக் கேட்பது மாத்திரம் எப்படி அவமானமாகும்? தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் பாட்டிமார் சொன்னது எதற்காக? கணக்குக் காட்ட மறுக்கின்ற அன்பு அன்பல்ல. அது திருட்டுக்குப் போட்ட திரை.

சிலர், “போலீசுக்குப் போவானேன்? கோவிலுக்குப் போய்க் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்லுவோம், பொய் சொன்னால் சாமி கேட்கும்” என்கின்றார்கள். மாதா கோவிலில் சத்தியம், தர்காவில் சத்தியம் என்று மதத்துக்கு ஒரு விதமாகவும் சொல்லுகின்றார்கள். திருடனுக்கு இதைவிடச் சௌகரியமான கோர்ட்டு உலகத்தில் எங்கே உண்டு? சாட்சி கிடையாது, பத்திரம் கிடையாது, குறுக்கு விசாரணை கிடையாது. காலணாக் கற்பூரத்தோடு விடுதலை! கை கூசுகின்றவன் யோக்கியன். அவன் திருடியிருக்கவே மாட்டான். திருடினவனுக்கு அணைந்த கற்பூரம் சுடுவதுமில்லை. நமக்குத் தெரிந்தவரை, எந்தச் சாமியும் இதுவரை ஒரு பவுன் நகையைக்கூட அடகுக் கடையிலிருந்து மீட்டுக் கொடுத்ததில்லை.

இனி கோர்ட்டுக்குப் போனவர்கள் கதையைப் பாருங்கள். கேரளத்தில் 2003-ல் கலியாணமான ஒரு பெண்ணின் 89 பவுன் நகையை, முதல் இரவிலேயே “பத்திரமாக வைக்கின்றேன்” என்று புருஷன் வாங்கித் தன் தாயிடம் கொடுத்தான். பத்திரம் எப்படி இருந்ததென்றால், நகை முழுவதும் அவர்களுடைய பழைய கடனுக்குப் போயிற்று என்பது அந்தப் பெண்ணின் முறையீடு. குடும்பக் கோர்ட்டில் வென்று, ஹைக்கோர்ட்டில் தோற்றும் விடாமல் அவள் போராடினாள். 2024-ம் வருஷம் ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு, பெண்ணின் நகை பெண்ணுக்கே சொந்தம், புருஷனுக்கு அதில் பாத்தியதை இல்லை என்று சொல்லி 25 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி உத்தரவு செய்தது. மனைவியின் சீதனத்தைப் புருஷன் அபகரிப்பது நம்பிக்கை மோசக் குற்றமாகும் என்று அதே கோர்ட்டு 1985-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கின்றது.

நம் கரையிலேயே நாகப்பட்டினத்தில் ஒரு மூதாட்டி, பெண் மக்கள் இருந்தும், மகனுக்கே சொத்தைச் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தாள். பிறகு அவளைக் கவனிப்பாரில்லை. 87 வயதில் அவள் கோட்டாட்சியரிடம் மனுச் செய்தாள். 2007-ம் வருஷத்திய பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி பத்திரம் ரத்தாயிற்று. மகன் இறந்தபின் மருமகள் அதை எதிர்த்துப் போயும், சென்னை ஹைக்கோர்ட்டு 2025 மார்ச்சில் ரத்தை உறுதி செய்தது. அந்த மூதாட்டிக்கு 87 வயதில் வந்த தைரியம் நமக்கு 27 வயதில் வரக்கூடாதா?

“அப்படியானால் கஷ்டத்துக்கு எடுத்தவனையெல்லாம் ஜெயிலுக்கு அனுப்பச் சொல்லுகின்றீரா?” என்று கேட்கலாம். அப்படியல்ல. பிள்ளைக்கு வைத்தியச் செலவென்று கேட்டு வாங்கி, கொடுக்க முடியாமல் தவிக்கின்றவன் கடன்காரன்; அவனுக்குத் தவணை கொடுங்கள், முடிந்தால் தள்ளியும் கொடுங்கள். கேளாமல் எடுத்து, எடுத்ததை மறைத்து, மறைத்ததைக் கேட்டால் அழுது மிரட்டுகின்றவன் திருடன். இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைப்பது யோக்கியமான கடன்காரனுக்குச் செய்கின்ற அவமதிப்பாகும். மன்னிப்பதும் உங்கள் உரிமைதான். ஆனால் மன்னிக்கப்படுகின்றவன் முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். கணக்கை எழுத்தில் கொடுக்க வேண்டும். திருப்பிக் கொடுக்க ஆரம்பிக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் மன்னிப்பது, அடுத்த திருட்டுக்கு அச்சாரம் கொடுப்பதேயாகும்.

ஆகவே செய்ய வேண்டியது என்ன?

பாஸ் புத்தகம், பாங்கி அட்டை, இரகசிய எண் இவைகளைப் புருஷனிடத்திலோ மகனிடத்திலோ விட்டுவைக்காதீர்கள். செல்போனில் வருகின்ற எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். எழுத்துத் தெரியாதவர்கள், பத்திரத்தால் லாபமடையாத ஒருவரைக் கொண்டு படிக்கச் சொல்லிக் கேட்காமல் விரல் வைக்காதீர்கள். பிள்ளைக்கு எழுதிக் கொடுத்தே தீர வேண்டுமானால், ஆயுள் வரையில் காப்பாற்ற வேண்டுமென்கின்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். மோசம் போனது தெரிந்த அன்றே பாங்கிக்குச் சொல்லுங்கள். எழுத்தில் கணக்குக் கேளுங்கள். கொடாவிட்டால் போலீசில் மனுக் கொடுங்கள். நம்பிக்கை மோசத்துக்கு இப்பொழுதுள்ள சட்டத்தில் ஐந்து வருஷம் வரை தண்டனை உண்டு. பெண்களுக்கு இலவச சட்ட உதவி 1987-ம் வருஷத்திய சட்டப்படி உரிமை. யாரும் போடுகின்ற பிச்சையல்ல. பெற்றோர் விஷயமானால் கோட்டாட்சியரிடம் போங்கள். போன் மூலம் பணம் போயிருந்தால் 1930, முதியோர்க்கு 14567, பெண்களுக்கு 181 என்கின்ற எண்களைச் சுவரில் எழுதி வையுங்கள். சாமி படம் மாட்டியிருக்கின்ற இடத்தில் எழுதினால் இன்னும் பிரயோஜனமாயிருக்கும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, அவன் கடனைத் தீர்க்க நீங்கள் கடன் வாங்காதீர்கள். அவன் பெண்டாட்டி “வந்த வேளை” என்றோ, அவன் ஜாதகத்தில் சனி என்றோ பழியை வேறிடத்தில் போடாதீர்கள். சனி கையெழுத்துப் போடவில்லை. பாங்கியில் போய்ப் பணம் வாங்கவுமில்லை.

ஊர்ப் பஞ்சாயத்தார்க்கும் ஒரு வார்த்தை. ஒரு பெண் வந்து “என் மகன் என்னை ஏமாற்றிவிட்டான்” என்று சொன்னால், “வீட்டுச் சண்டையை வீதிக்குக் கொண்டுவராதே” என்று அனுப்பாதீர்கள். அப்படி அனுப்புகின்ற ஒவ்வொரு தடவையும் நீங்கள் அந்தப் பழைய சபையில் வாய் மூடி உட்கார்ந்திருந்தவர்கள் வரிசையில்தான் சேருகின்றீர்கள்.

மானம் என்பது திருட்டை மூடி வைப்பதில் இல்லை. திருடினவன் எவனாயிருந்தாலும் திருடன் என்று சொல்லுகின்ற தைரியத்தில்தான் இருக்கின்றது. அதற்குத்தான் நாம் சுயமரியாதை என்று பெயர் வைத்திருக்கின்றோம். அந்த மரியாதை வீதியில் மாத்திரம் வேண்டும், வீட்டுக்குள் வேண்டாம் என்றால், அப்படிப்பட்ட வீடு யாருக்கு வேண்டும் என்பதைத் தோழர்கள் யோசித்துப் பார்க்க வேண்டுகின்றோம்.