வாசலை மறித்தவர்

எரிகின்ற வீட்டுக்குள் பாய்ந்து குழந்தையைத் தூக்கி வரும் வீரனைப் பற்றிக் கேட்டால் நமக்கு மெய்சிலிர்க்கிறது. தெருவில் நின்று உத்தரவு மட்டும் இடும் தலைவரையோ நாம் கவனிப்பதில்லை. “இவருக்கென்ன, நிற்கிறார்!” என்றுகூடச் சொல்லிவிடுவோம். அவ்வாறு நிற்பது எத்தகைய காரியம் என்பதை நேயர்கள் சற்றுக் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்து வூஸ்டர் நகரில், 1906-ம் வருஷம் கட்டிய குளிர்பதனக் கிடங்கு ஒன்று நெடுநாளாகக் கேட்பாரற்றுக் கிடந்தது. ஆறு மாடிகள், ஜன்னல்கள் அநேகமாக இல்லை, குளிர் வெளியேறாதபடி சுவரெங்கும் தக்கையும் தாரும் அப்பியிருந்தன. 1999-ம் வருஷம் டிசம்பர் 3-ந் தேதி மாலை அது தீப்பற்றியது. வீடற்ற இருவர் அங்கே தங்குவதுண்டு என்று தகவல் வந்தது. அவர்களைத் தேடிச் சென்ற இரண்டு வீரர்கள் புகையில் வழி தவறினர். அவ்விருவரையும் தேடிப் போன நால்வரும் திரும்பவில்லை.

மேலும் பல வீரர்கள் உள்ளே போகத் துடித்தார்கள். அப்போது மைக்கேல் மக்நமீ என்ற அதிகாரி வாசலை மறித்து நின்று, இனி ஒருவரும் போகக்கூடாது என்று உத்தரவிட்டார். உள்ளே இருந்த அறுவரும் அவருடன் வேலை செய்தவர்கள். அவர்கள் இறந்ததைக் கண்ணால் கண்டவர் எவருமில்லை. எதிரே நின்றவர்களோ அவ்வறுவரின் தோழர்கள். அந்த நிலையில் ‘போ’ என்பது எளிது. ‘போகாதே’ என்பதற்கே நெஞ்சுரம் வேண்டும்.

எதை நம்பி அவர் அப்படிச் சொன்னார்? கணக்கை நம்பித்தான். தலைவர் குழாயைப் பிடித்து உள்ளே நுழைந்தால், தம் எதிரில் உள்ள புகையைத் தவிர வேறொன்றும் காணமாட்டார். கட்டடம் எப்பக்கம் தளர்கிறது, யார் எந்த மாடியில் இருக்கிறார், எப்போது போனார் என்பதையெல்லாம் ஒருவர் மனத்தில் வைத்திருக்க வேண்டும். முதுகில் சுமக்கும் காற்றுக் குப்பியில் முப்பது நிமிஷம் என்று பொறித்திருந்தாலும், படியேறி உழைப்பவனுக்கு அது வெகு முன்பே தீர்ந்துவிடும். (பிள்ளைகளை வெளியூர் அழைத்துச் சென்று, ரயிலேறும்போது ஒரு தலை குறைந்தால் வயிறு கலங்கும் அநுபவம் நமக்கும் உண்டு. ஆனால் நம் பையன் மிட்டாய்க் கடையில் அகப்பட்டுவிடுவான்.) காப்பாற்றக்கூடிய உயிருக்காகப் பெரும் அபாயத்தை ஏற்கலாம், பொருளுக்காகச் சொற்பம், மீட்க முடியாததற்காக ஓர் உயிரையும் பணயம் வைக்கலாகாது என்பது அத்தொழிலின் விதி. ஏட்டில் படிக்க அது சுலபமாகத்தான் இருக்கிறது.

மெழுகுவத்தி சாய்ந்து தீ மூள்வதற்குக் காரணமான அந்த இருவரும், படை வருவதற்கு முன்பே வெளியேறிவிட்டிருந்தார்கள். யாருக்கும் சொல்லவில்லை. ஆறு உடல்களையும் இடிபாட்டிலிருந்து எடுத்து முடிக்க எட்டு நாள் ஆயிற்று. தோண்டியவர்கள் சக வீரர்களே.