யார் குடலில் இல்லை அந்தக் கிருமி?

"இவங்க இருக்கிற இடம் அப்படி. சுத்தபத்தம் கிடையாது. அதான் சீழ் வெச்சிடுச்சி."

எங்க நைனாவின் கட்டிலைச் சுற்றி நின்ற மாணவர்களுக்குப் பெரிய டாக்டர் எடுத்த பாடம் இது. ஓர் அரசு ஆஸ்பத்திரி, பேர் வேணாம். நைனா ஒருக்களித்துப் படுத்திருந்தார். பின்பக்கத் தையல் விட்டு, துணியெல்லாம் சீழ். அவருக்குக் காது நல்லாவே கேக்கும். மாணவர்களில் ஒருத்தன் நம்ம பையன், முன்னமே பேச்சுக் குடுத்திருந்தேன். அவன் மட்டும் தரையைப் பாத்துக்கினு நின்னான்.

மலக்குடல் புற்று. ரத்தம் போனதை மூலம் மூலம்னு ஏழு மாசம் ஓட்டிவிட்டோம். கட்டி ஆசனவாயை ஒட்டி இருந்ததால் அதையும் சேர்த்து எடுத்து, அந்த வழியைத் தைத்து மூடி, வயிற்றில் துளைபோட்டுப் பை மாட்டினார்கள். 1908இல் லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் விவரித்த அறுவை. இதில் பின்பக்கப் புண் சீழ் பிடிப்பது உலகம் முழுக்க அடிக்கடி நடக்கிற சங்கதி. குடலுக்குள்ளேயே ஈ.கோலையும் பாக்டீராய்ட்சும் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. கட்டி எடுத்த இடம் இடுப்பெலும்புக்குள் வெறும் குழி; ரத்தமும் நீரும் தேங்கும். முன்கூட்டியே கதிர்வீச்சு வாங்கிய சதை லேசில் ஆறாது. சர்க்கரையும் சத்துக்குறைவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இதில் சேரி எங்கே வந்தது? அதே கிருமி அக்கிரகாரத்துக் குடலிலும் இருக்கிறது, டாக்டர் குடலிலும் இருக்கிறது.

சத்துக்குறைவு எங்க கூலியிலிருந்து வந்தது, ஒத்துக்கறேன். ஆனால் புரதம் குறைச்சல் என்று அவர்கள் ரிப்போர்ட்டே சொன்னதே, அறுப்பதற்கு முன்னால் அதை ஏற்ற என்ன செய்தார்கள்?

உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட நெறிமுறை: கத்தி வைப்பதற்கு முந்தைய 120 நிமிடத்துக்குள் ஆன்டிபயாடிக் போட வேண்டும், ரேசரால் மயிரை மழிக்கக் கூடாது. நைனாவுக்கு முதல் நாளே வார்டில் பிளேடு போட்டு மழித்தார்கள். கைகழுவும் குழாயில் தண்ணி இல்லை. 14ஆம் கட்டில் புண்ணைப் பிரித்த கையுறையோடயே 15க்கு வந்ததை நான் நின்னு பாத்தேன். யாருக்குச் சுத்தபத்தம் கிடையாது?

1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ், பிணம் அறுத்த கையோடு பிரசவம் பார்க்கப் போன டாக்டர்களைக் குளோரின் தண்ணீரில் கைகழுவ வைத்தார். தாய்மார் சாவு சரிந்தது. ஆனாலும் பெரிய மனுசங்க கையில் அழுக்கா என்று அவர்களில் பலருக்குக் கோபம். 1865இல் அவரே மனநோய் விடுதியில் புண் புரையோடிச் செத்தார். அழுக்கைத் தன் கையில் பார்ப்பதைவிடக் கீழே கிடக்கிறவன் மேல் பார்ப்பது எந்த ஊர் மேட்டிமைக்கும் சுலபம். இங்கே அதுக்கு சாதி வேறு கைகொடுக்கிறது.

தோழர்களே, என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். மலம் அள்ளும் கொடுமைக்கு எதிராக மேடை மேடையாய்ப் பேசினவன் நான். நைனாவின் பையை முதல்தரம் கழட்டினப்ப மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். ஒப்பந்தத்தில் வார்டு கூட்டுகிற அக்காதான், "தள்ளு தம்பி"ன்னு வாங்கிச் செஞ்சது. அவங்களுக்கு அங்கே கையுறைகூடக் கொடுப்பதில்லை.

புண் ஆற நாலு மாசம். அறுவை முடிந்து எட்டு வாரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டிய கீமோ அதனால் தள்ளிப் போனது. "உங்காளுங்க வேளைக்கு வர மாட்டீங்க" என்று அதற்கும் திட்டு.

டிஸ்சார்ஜ் சீட்டில் புண் சீழ் பிடித்ததற்குக் காரணம், நோயாளியின் சுகாதாரக் குறைவு என்று எழுதியிருக்கிறது. சர்க்கரை, கதிர்வீச்சு, பிளேடு எதுவும் இல்லை. அந்த வரியை அடிக்கச் சொல்லி இரண்டு மனு போட்டாச்சு. மருத்துவக் கல்லூரியில் படிக்கிற நம்ம பிள்ளைகள் யாராவது அடுத்த மனுவில் கூடக் கையெழுத்துப் போட வர்றீங்களா? தரையைப் பார்த்த அந்தத் தம்பியையும்தான் கேக்கறேன்.