தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் விசுவாசம்

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் காத்திருப்புக் கூடத்தில் தமிழ் கேட்காத நாள் அரிது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் பகுதியாக இருந்த கன்னியாகுமரி மாவட்டத்தார், மாநில எல்லை மாறிய பின்னும் மூளைக்கும் இதயத்திற்கும் களியக்காவிளையைத் தாண்டி இங்கு வருகின்றனர். அவர்களுள் கிறிஸ்தவர் பலர். ஆகவே அக்கூடத்தில் ஜெபமும் மிகுதி. சிலர் கையில் சிறிய வேதாகமம், சிலர் கையில் ஜெபமாலை, எல்லார் கைப்பேசியிலும் ஊர்ச் சபையின் வாட்ஸ்அப் குழு. காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த தகப்பன் நண்பகலில் வாய் கோணி, வலப்பக்கம் செயலிழந்து உள்ளே கிடக்கையில், வெளியே நிற்கும் மகளுக்குப் பற்றிக்கொள்ள வேறென்ன இருக்கிறது?

இக்காட்சியைக் கண்டு நகைக்கும் பகுத்தறிவாளரும், இதைக் காட்டிப் பெருமிதம் கொள்ளும் ஊழியக்காரரும் அடிப்படையில் ஒரே கருத்தினர். ஜெபம் என்பது ஒரு விளைவைப் பெறுவதற்கான கருவி என்பதே அக்கருத்து. கருவி இயங்காது என்கிறார் முன்னவர். இயங்கும் என்கிறார் பின்னவர். அக்கூடத்தில் இரவைக் கழிப்போர் செய்வதை இவ்விருவருள் எவரும் சரியாக விளங்கிக்கொண்டதாகத் தோன்றவில்லை.

தமிழ்க் கிறிஸ்தவத்தின் சொற்களே இங்கு ஓரளவு வழிகாட்டும். சீர்திருத்தச் சபையாரின் வேதாகமத்தில் பவுல் கூறும் மூன்று, விசுவாசம், நம்பிக்கை, அன்பு. கத்தோலிக்கர் இன்று வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் அவை நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. ஒருவர் 'நம்பிக்கை' என்று சொல்லும்போது மற்றவர் வேறொன்றைக் கேட்கிறார். மொழிபெயர்ப்பாளரின் சிக்கல் என்று இதைக் கடந்துவிடலாம்; ஆயின் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இக்குழப்பம் மனிதரை வதைக்கிறது. 'அப்பா பிழைப்பார்' என்பது எதிர்நோக்கு. 'அப்பா பிழைத்தாலும் பிழையாவிட்டாலும் நாங்கள் கைவிடப்பட்டவர்கள் அல்லர்' என்பது விசுவாசம். முன்னது பொய்த்துப்போகக் கூடும். பின்னதை ஸ்கேன் அறிக்கை எதுவும் பொய்யாக்க இயலாது. இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்ட போதகம், முன்னது பொய்க்கும் நாளில் பின்னதையும் சேர்த்தே பறித்துக்கொண்டு போகிறது.

அந்த நாளில் நேர்வதைச் சொல்லியாக வேண்டும். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் வீட்டுக்கு வரும் ஒருவர், இன்னும் சற்று விசுவாசித்திருக்கலாம் என்று தணிந்த குரலில் கூறுகிறார். ஆறுதல் சொல்ல வந்தவர் தீர்ப்பளித்துவிட்டுச் செல்கிறார். இதைவிடக் கொடிய சொல் துக்க வீட்டில் சொல்லப்படுவதில்லை. வேதாகமமும் இதற்குத் துணை நிற்கவில்லை. மாற்கு 9ஆம் அதிகாரத்தில் வலிப்பால் துடிக்கும் மகனைக் கொண்டுவந்த தகப்பன், தன்னிடம் விசுவாசத்தோடு அவிசுவாசமும் உண்டென்பதை மறைக்காமல் கதறுகிறான்; அவன் திருப்பி அனுப்பப்படவில்லை. யோவான் 11இல் மார்த்தாளும் மரியாளும், தம் சகோதரன் இறந்தது இயேசு காலந்தாழ்த்தியதால்தான் என்று முகத்துக்கு நேரே குறைகூறுகின்றனர். அவர்களுக்குக் கடிந்துரை இல்லை. 88ஆம் சங்கீதமோ துதிக்குத் திரும்பாமல் இருளிலேயே முடிந்துவிடுகிறது. சுகமளிக்கும் கூட்டங்களின் மேடையில் அதை வாசித்து எத்தனை பேர் கேட்டிருப்பர்?

ஆய்வுலகும் இங்குத் தவறான கேள்வியோடு நுழைந்ததுண்டு. ஹெர்பர்ட் பென்சன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், இதய மாற்றுவழி அறுவைக்கு உட்பட்ட 1,802 பேர் இடம்பெற்றனர். தமக்காக ஜெபம் நிகழ்கிறதா என்று அறியாதோருள், ஜெபிக்கப்பட்டவர்களில் 52 விழுக்காட்டினருக்கும் ஜெபிக்கப்படாதவர்களில் 51 விழுக்காட்டினருக்கும் சிக்கல்கள் நேர்ந்தன. ஜெபிக்கப்படுவதை உறுதியாக அறிந்திருந்தோருக்கோ 59 விழுக்காடு. ஜெபம் தோற்றது என்று பலர் மகிழ்ந்தனர். முன்பின் அறியாதவர்கள் பட்டியல் பார்த்துச் செய்த வேண்டுதலை மருந்தின் அளவைப்போல் அளந்த அந்த ஆய்வு, ஒரு மகள் தன் தகப்பனுக்காக விழித்திருப்பதைப் பற்றி எதையும் கூறவில்லை.

பயன்மிக்க கேள்வியை எழுப்பியவர் உளவியலாளர் கென்னத் பார்கமென்ட். நெருக்கடியில் மனிதர் கடவுளோடு கொள்ளும் உறவை அவரும் உடன் ஆய்வாளர்களும் 1988இல் மூவகையாகப் பிரித்தனர்: எல்லாவற்றையும் தாமே செய்துகொள்வது, எல்லாவற்றையும் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டு வாளாவிருப்பது, கடவுளோடு சேர்ந்து செயலாற்றுவது. மருத்துவமனை வாசலில் இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுபோலவே தோன்றும். இரு சாராரின் உதடுகளும் அசைகின்றன. ஒருவர் ஒப்புதல் படிவத்தைப் படித்து, மருத்துவரிடம் ஐயம் கேட்டுக் கையெழுத்திடுகிறார். மற்றவர் பாஸ்டர் வரட்டும் என்கிறார்.

இவ்வேறுபாட்டிற்கு நிமிடக் கணக்கு உண்டு. மூளையின் குருதிக்குழாய் அடைபட்டால், உறைவைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். சிகிச்சையின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிவதாக ஜெஃப்ரி சேவர் 2006இல் கணக்கிட்டார். நாகர்கோவிலிலிருந்து நெரிசல் மிக்க சாலையில் வர வேண்டிய குடும்பம், வீட்டில் எண்ணெய் பூசி அரைமணி நேரம் ஜெபித்துவிட்டுப் புறப்படுவது விசுவாசத்தின் அளவைக் காட்டுவதன்று. ஆம்புலன்சிலும் ஜெபிக்கலாம்.

மறுமுனையிலும் ஓர் ஆபத்து உள்ளது. முற்றிய புற்றுநோயாளிகள் 345 பேரை ஆராய்ந்து 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சமயத்தை மிகுதியாகச் சார்ந்திருந்தோர் வாழ்வின் இறுதி வாரத்தில் செயற்கைச் சுவாசம் பெற்ற விகிதம் 11.3, ஏனையோரிடம் 3.6. கருவியை அகற்றச் சம்மதிப்பது விசுவாசத் துரோகம் என்னும் அச்சம் இதில் ஒரு பங்கேனும் வகித்திருக்க வேண்டும். இப்பகுதியின் குடும்பங்களிலும் அவ்வச்சம் இல்லையென்று கூற இயலாது.

மருத்துவத்தையும் ஜெபத்தையும் எதிரெதிரே நிறுத்துவது இந்நிலத்தின் மரபும் அன்று. 1838இல் ஆர்ச்சிபால்ட் ராம்சே நெய்யூரில் லண்டன் மிஷனின் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1922 எவரெஸ்ட் குழுவில் இடம்பெற்ற அறுவை மருத்துவர் ஹோவர்ட் சோமர்வெல், அப்பயணத்தின் பின் நெய்யூரில் காத்துக்கிடந்த நோயாளிகளின் திரளைக் கண்டு, தம் உழைப்புக் காலத்தின் பெரும்பகுதியை அங்கேயே செலவிட்டார். கத்தியைக் கையிலெடுப்பது அவருக்கு விசுவாசக் குறைவாகப் படவில்லை. சீர்திருத்தச் சபையாரின் வேதாகமத்தில் இடம்பெறாத சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரமோ, முதலில் மன்றாடி, பின் மருத்துவருக்கு இடங்கொடுக்கச் சொல்கிறது. அவரையும் கடவுளே படைத்தார் என்பது அதன் காரணம்.

கத்தோலிக்கரிடம் ஒரு பெயர் மாற்றம் நிகழ்ந்தது. முன்பு அவஸ்தைப்பூசுதல் எனப்பட்டது, இன்று நோயில் பூசுதல். சாகுந்தறுவாய்க்கு மட்டுமன்று, கடும் நோயுற்றோர்க்கும் அது உரியது என்பதைத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1972இல் உறுதிப்படுத்தினார். அரை நூற்றாண்டு கடந்தும், சாமியாரை அழைத்தால் நோயாளி 'முடிந்துவிட்டது' என்று எண்ணிவிடுவாரோ எனத் தயங்கும் குடும்பங்கள் உள்ளன. பெயர் மாறிற்று, அச்சம் மாறவில்லை. அறுவைக்கு முந்தைய மாலையில் அழைக்கப்பட வேண்டியவர் நினைவிழந்த பின் வருகிறார். நோயாளி தம் அச்சத்தைச் சொல்லவும், மன்னிப்புக் கேட்க வேண்டியவரிடம் கேட்கவும் வாய்த்த பொழுது அதற்குள் கழிந்துவிடுகிறது.

கேரள ஐக்கிய இறையியல் கல்லூரி இருக்கும் கண்ணம்மூலையிலிருந்து மருத்துவக் கல்லூரி வளாகம் சில கிலோமீட்டரே. இறையியல் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பருவத்தில் சில இரவுகளேனும் அக்காத்திருப்புக் கூடத்தில், பிரசங்கம் எதுவும் செய்யாமல், படிவத்திலுள்ள மலையாளத்தையும் ஆங்கிலத்தையும் தமிழில் படித்துச் சொல்லிக்கொண்டு அமர்ந்திருக்கலாம். விடியற்காலை மூன்று மணிக்கு மருத்துவர் கதவைத் திறந்து உறவினரை அழைக்கும்போது, உடன் எழுந்து செல்ல ஒருவர் இருப்பார்.