மே குஸ்தாவும் நம் நான்காம் வேற்றுமையும்

ஸ்பெயினுக்குச் சென்று திரும்பும் நம்மவர் எழுதும் கட்டுரைகளில் இரண்டு புகார்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. அந்நாட்டார் மரியாதை அறியாதவர்கள், சோம்பேறிகள். சலமாங்கா நகரில் பத்து மாதம் குடியிருந்து, அம்மொழியைத் தட்டுத்தடுமாறிக் கற்றுத் திரும்பிய நாங்கள் இவ்விரண்டையும் மறுக்கிறோம். குறை நாம் அணிந்து செல்லும் ஆங்கிலக் கண்ணாடியில் இருக்கிறது என்பதே எங்கள் வாதம்.

காப்பிக் கடையில் அவ்வூரார் ‘போன்மே உன் கஃபே’ என்பர். ‘எனக்கொரு காப்பி போடு’ என்று பொருள். ஆங்கிலேயர்க்கென எழுதப்பட்ட எங்கள் பாடநூலோ, ‘தயவுசெய்து’ சேர்த்துக் குழையக் கற்றுக்கொடுத்திருந்தது. முதல் மாதம் முழுதும் வாய்க்கு வாய் நன்றி சொன்னோம். கடைக்காரர் எங்களைத் தூதரக விருந்தினரைப் போலப் பார்த்தார். தஞ்சாவூர்த் தேநீர்க் கடையில் எவரேனும் ‘தயவுசெய்து’ என்று கேட்டதுண்டா?

நமக்கு ‘ங்க’ உண்டே என்பீர்கள். அவர்களுக்கும் ‘ஊஸ்தெத்’ உண்டு. ‘உங்கள் கருணை’ என்னும் பழந்தொடர் தேய்ந்து பிறந்த சொல் அது. ஸ்பெயினில் அதன் புழக்கம் சுருங்கி, மாணவர் ஆசிரியரையே ‘தூ’ என்பது இயல்பாகிவிட்டது. கொலம்பியாவின் பொகோத்தாவிலோ நண்பர்களுக்குள்ளும், ஏன், வீட்டுக்குள்ளும்கூட ‘ஊஸ்தெத்’ கேட்கும். அங்கே அன்பில்லை என்று சொல்வீர்களா? இருபது வயதுப் பெண்ணொருத்தி எங்களை ‘நீ’ என்றபோது உள்ளூரச் சுருக்கென்றதை ஒளிப்பதற்கில்லை. ‘ஐயா’ கேட்டே பழகிய செவி!

இனிச் சோம்பல். மதிய உணவு இரண்டரைக்கு, இரவுணவு பத்துக்கு. 1940இல் பிராங்கோ அரசு கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி நடு ஐரோப்பிய நேரத்தோடு சேர்த்தது. இன்றளவும் அது பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கோடையில் சலமாங்காவில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் இரண்டைத் தாண்டியிருக்கும். உச்சிப்பொழுதில் உண்பவன் சோம்பேறியா?

எங்களது உண்மையான சினம் கற்பிக்கும் முறையின்மேல். ‘மே குஸ்தா’ என்பதை விளக்க அந்நூல் இரண்டு பாடங்கள் எடுத்துக்கொண்டது. எழுவாயைத் தலைகீழாக்கு, செயப்படுபொருளை முன்னால் வை என்று என்னென்னவோ வித்தைகள். தமிழனுக்கு ஒரு வரி போதும்: எனக்குப் பிடிக்கிறது. ‘மே துவேலே லா கபேசா’, எனக்குத் தலை வலிக்கிறது. ‘நான்’ என்று சொல்லாமலே வினைமுற்றுத் தன்மையைக் காட்டிவிடும். ‘போய்’ என்றாலே ‘போகிறேன்’தான். (உடனே சொல்லாராய்ச்சியில் இறங்கிவிடாதீர்கள், தற்செயல்!) எல்லாவற்றிற்கும் தமிழ் கைகொடுக்கும் என்று சொல்லவில்லை. மேசை பெண்பால் என்று எந்தத் தொல்காப்பியரும் நமக்குக் கற்பிக்கவில்லை.

தமிழ்வழியே ஸ்பானியம் கற்பிக்கும் ஓர் எளிய இலக்கண நூலை எழுதலாமே என்று ஊர் திரும்பியதும் துறைக்கூட்டத்தில் சொன்னோம். ‘ஆங்கிலம் தெரியாதவன் ஸ்பானியம் படித்து என்ன செய்யப்போகிறான்?’ என்று கேட்டார் மூத்தவர் ஒருவர். அவரும் தமிழ்ப் பேராசிரியர்தான்.